வெள்ளை லாட்

புது தில்லி
8 அக்டோபர் 2025

அண்ணா,

போன் எடுக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரர் மணியன் அண்ணனை மட்டும் பிளாக் செய்ய முடியாதே என்றுதான் ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள். புண்ணியமாகப் போகும்.

நம் சாயப்பட்டறைக்குச் சீல் வைத்த புகாரில் என் கையெழுத்து இருந்தது. அடுத்த எட்டு மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் "அப்பாவை நீதான் கொன்னே" என்றீர்கள். மூன்று வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சமாதானம் பேச இந்தக் கடிதம் இல்லை. இரண்டு காரியம் இருக்கிறது.

முதலாவது என் வேலை. நான் உதவியாளராக இருக்கும் எம்.பி. ஐயா ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். காவிரிக்கு நீர் தரும் மலைகள், காடுகள், சிற்றாறுகள், நிலத்தடி நீர் எல்லாவற்றையும் மீட்க மூன்று மாநிலத்துக்கும் பொதுவாக ஒரே சட்டம். குடகும் வயநாடும் நம் நொய்யலும் அதில் அடக்கம். தனிநபர் மசோதா தானாக நிறைவேறாது. அரசே அதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று மூன்று மாநில உறுப்பினர்கள் முப்பது பேர் சேர்ந்து கடிதம் கொடுத்தால் அமைச்சர் காது கொடுப்பார் என்பது ஐயாவின் நம்பிக்கை. இருபத்து மூன்று கையெழுத்து வந்துவிட்டது. மீதி ஏழும் கர்நாடகத்து உறுப்பினர் ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் போட்டால் அவரோடு ஆறு பேர் போடுவார்கள்.

அவர் ஐயாவிடம் நேராகவே கேட்டார். "எங்கள் மலையில் தோட்டத்தை விட்டுக் காடு வளர்க்கச் சொல்கிறீர்கள். உங்கள் ஊரில் மண்ணுக்கு அடியில் சாயத்தை ஊற்றினீர்களே, அதை உங்களில் ஒருவராவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? ஒரே ஒரு சாயப்பட்டறைக்காரர் பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். அன்றைக்கே போடுகிறேன்." எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, சேவூர் லிங்கசாமி மாமா எனக்குப் போன் செய்தார். பத்து வருடமாகக் காய்ந்து கிடந்த அவர் கிணறு புரட்டாசி மழையில் ஊறிவிட்டதாம். ஆனால் தண்ணீர் நிறம் நிறமாக வருகிறதாம். "ஆத்துக்கு சட்டம் போடற புள்ளைன்னு ஒங்களத்தானுங்க அம்மிணி கேக்கோணும். காத்தால ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணுன்னு வருது. என்ற ஊட்டுக்காரி கெணத்துப் பக்கமே போக மாட்டேங்கறா" என்றார். அவர் தோட்டத்துக்கு இரண்டு வயற்காடு தள்ளித்தானே அப்பா கொஞ்சம் நிலம் குத்தகைக்கு வைத்திருந்தார்? அங்கே என்ன பயிர் செய்தார் அண்ணா? நான் பார்த்ததே இல்லை.

சித்ராதேவி


நல்லூர், திருப்பூர்
16 அக்டோபர் 2025

சித்ராவுக்கு,

ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தினாய். இப்போது என்னிடம் இன்னொரு கையெழுத்துக் கேட்கிறாய். உனக்குத் துணிச்சல் ஜாஸ்திதான் அம்மிணி, அப்பாவின் துணிச்சல் உனக்குத்தான் வந்திருக்கிறது.

எந்தப் பட்டறைக்காரன் எழுதிக் கொடுப்பான்? எழுதிக் கொடுத்தவனை இந்த ஊர் சும்மா விடுமா? அப்பா நாற்பது வருடம் உழைத்தார். செத்தவர் பெயரை நான் தில்லிக்கு அனுப்பி நாறடிக்க வேண்டும், அதை வைத்துக் கர்நாடகத்துக்காரன் மரம் நடுவான், இல்லையா? அழகான திட்டம். உன் ஐயாவிடம் சொல், அருள்செல்வன் இப்போது சாயக்காரன் இல்லை, அதே கட்டிடத்தில் இருபத்திரண்டு தையல் மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறவன் என்று. என் பெண் நித்யஸ்ரீ பிளஸ் டூ படிக்கிறாள். அம்மாவுக்கு மாதம் ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு மசோதாவெல்லாம் வேண்டாம்.

லிங்கசாமி மாமா கிணற்றுக்கு வருவோம். மழை பெய்தால் செம்மண் கலங்கும், பாசி கிளம்பும், அவருக்கு வயதாகிவிட்டது, கண் மங்கல். அதைப் போய் ஒரு விஷயமாக எழுதுகிறாய். அந்தக் குத்தகை நிலத்தில் ஒன்றும் இல்லை. போர் போட்டார், ஆயிரத்து இருநூறு அடி, சொட்டுத் தண்ணீர் வரவில்லை, விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

இனி எழுதாதே. எழுதினால் மணியனிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அருள்செல்வன்

முதலில் வந்த நிறம் எது என்று மாமா சொன்னாரா? அப்புறம் என்னென்ன வந்தது? சும்மாதான் கேட்கிறேன்.


புது தில்லி
22 அக்டோபர் 2025

அண்ணா,

எழுதாதே என்று சொல்லிவிட்டு அடியில் கேள்வி கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது, கனவிலா?

மாமாவிடம் நாள்வாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதலில் வந்தது கரும்பச்சை. ஸ்கூல் யூனிபார்ம் பச்சை என்று யாழினி சொன்னாளாம், மாமாவின் பேத்தி, மூன்றாம் வகுப்பு. அப்புறம் மெரூன், சாம்பல், நேவி, மறுபடி மெரூன். எட்டாம் நாள் ஒரு பகல் முழுக்க நல்ல மஞ்சள். "நம்ம கோயிலு மஞ்ச துணி மாதிரிங்க" என்றாராம் கருப்பாத்தாள் அத்தை. அதற்குப் பிறகு ரோஸ், கறுப்பு, ராயல் ப்ளூ. ஒன்றோடு ஒன்று கலப்பதே இல்லையாம். ஒன்று முழுசாகப் போன பிறகுதான் அடுத்தது வருகிறதாம்.

மாமா குடும்பம் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது, அது ஒன்றுதான் நிம்மதி.

இங்கே கர்நாடகத்து உறுப்பினர் நேற்றும் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ஆச்சு, உங்கள் சாயக்காரர் கிடைத்தாரா?" என்று. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மசோதா விவாதத்துக்கு வரும். அதற்குள் அந்த ஏழு கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் ஐயா பேசுவார், நாலு பேர் கேட்பார்கள், கட்டு மூலைக்குப் போகும். இரண்டு வருட வேலை அண்ணா. எனக்கு அழுகையாக வருகிறது.

நீங்கள் ஏன் நிறத்தின் வரிசையைக் கேட்டீர்கள்?

சித்ரா


நல்லூர்
8 நவம்பர் 2025

சித்ரா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதாக இதை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் சொல்லாதே.

அந்தக் குத்தகை நிலத்தில் தண்ணீர் வராத போர் உனக்குத் தெரியும். அதற்குள்தான் ஊற்றினோம். ஒரு தொட்டியில் ஒரே நிறத்தில் போடுகிற துணியை ஒரு லாட் என்போம் இல்லையா, ஒரு லாட் முடிந்தால் அதன் கழிவு ஒரு டேங்கர். ஓடையில் விட்டால் பிடிக்கிறார்கள் என்று அப்பா டேங்கரில் ஏற்றிச் சேவூருக்கு அனுப்புவார். ஹோஸைப் போருக்குள் விட்டுத் திறந்தால் அரை மணி நேரத்தில் காலி. ஆறு வருடம் ஊற்றினோம். வாய் வரைக்கும் நிரம்பும் என்று பார்த்தேன், நிரம்பவே இல்லை.

நீ எழுதிய பச்சையை இரண்டு தடவை படித்தேன். சீல் வைத்த அன்று ஓடிக்கொண்டிருந்தது ஸ்கூல் யூனிபார்ம் பாட்டில் கிரீன். அதற்கு முந்தையது மெரூன். சந்தேகம் தீரட்டும் என்று அப்பாவின் ஷேடு நோட்டை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போனேன். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டுத் துணி வெட்டித் தேதி போட்டு ஒட்டி வைப்பாரே, அந்த நோட்டு.

லிங்கசாமி மாமாவிடம் பனியன் ஆர்டர் விஷயமாக இந்தப் பக்கம் வந்தேன் என்று பொய் சொன்னேன். கிணற்று மேட்டில் நின்று நோட்டைப் பிரித்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் விழுந்த தண்ணீர் வெளிர் நீலம். நோட்டில் தேடினால் 2020 ஆகஸ்ட், பேபி ப்ளூ. துணியைத் தண்ணீர் பக்கத்தில் பிடித்தேன், வித்தியாசமே தெரியவில்லை. மதியம் காக்கி வந்தது. முந்தைய பக்கத்தில் காக்கி. நான் தாளைத் திருப்பினேன், தண்ணீரும் மாறியது. வாய்விட்டு "முருகா" என்றுவிட்டேன்.

கடைசியாக ஊற்றியது முதலில் வருகிறது. வருடம் பின்னால் போகிறது, அம்மிணி. மஞ்சளை வைத்து எண்ணிவிடலாம். ஆயுத பூஜை முடிந்து மெஷின் போட்டால், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் லாட் மஞ்சள்தானே நம் வழக்கம். பழனிக்கு நடப்பவர்களுக்குத் துண்டு கொடுக்க. ஒரு மஞ்சளுக்கும் அடுத்த மஞ்சளுக்கும் நடுவில் ஒரு வருடம். இதுவரை இரண்டு மஞ்சள் வந்துவிட்டது.

நான் பார்த்துவிட்டு வந்த பிறகு, போன வாரம் நாலு நாள் மோட்டார் போட்டால் வெறும் காற்றுதான் வந்ததாம். கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது" என்று போய்விட்டாராம். நான் மாமாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊரடங்கில் இரண்டு மாதம் நம் பட்டறை மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் நாம் எதுவும் ஊற்றவில்லை.

பிரமாணப் பத்திரம் என்னால் முடியாது, கேட்காதே. ஆனால் ஒன்று செய். மாமா உன் பேச்சைக் கேட்பார். இந்த மாசத்துக்குள் அந்தக் கிணற்றை மூடச் சொல்லு. மோட்டார் கனெக்‌ஷனையே பிடுங்கச் சொல்லு. 2019 ஆடி மாதம் வருவதற்குள். ஏன் என்று கேட்காதே.

அருள்


புது தில்லி
24 நவம்பர் 2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. ஆறு வருடம் ஊற்றினோம் என்று எத்தனை சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் மேலும்தான்.

ஆனால் நல்ல சேதி ஒன்று. மாமாவிடம் கிணற்றை மூடச் சொல்லிப் போன் செய்தேன். அவர் சிரிக்கிறார். "மூடறதாவதுங்க அம்மிணி! தண்ணி சுத்தமாயிருச்சுங்க!" என்றார். வியாழக்கிழமை ஒரு பகல் மஞ்சள் வந்ததாம், வெள்ளிக்கிழமையிலிருந்து கண்ணாடி போல் தெளிந்த தண்ணீராம். அடி வரைக்கும் தெரிகிறதாம். கருப்பாத்தாள் அத்தை கிணற்று மேட்டில் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டார். இப்போது அதில்தான் சமையல், குடிப்பதும் அதுதான், கேன் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரைப் போட்டோ எடுத்து எனக்கும் ஐயாவுக்கும் அனுப்பியிருக்கிறார்.

அந்தப் போட்டோ இங்கே வம்பாகிவிட்டது. ஒரு உறுப்பினர் அதைக் காட்டி, "மண் தானே சரிசெய்துகொள்கிறது, இதற்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாராம். கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இருந்தாலும் மாமா வீட்டில் நல்ல தண்ணீர் குடிக்கிறார்களே, அதற்குச் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமைதான் ஒரு மஞ்சள் வந்தது. நீங்கள் சொன்ன கணக்குப்படி அடுத்த மஞ்சளுக்கு முன் ஒரு வருடத்து நிறமெல்லாம் வந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாளே ஏன் வந்தது அண்ணா?

சித்ரா


நல்லூர்
1 டிசம்பர் 2025

சித்ரா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மணியன் கொடுத்த இடத்திலேயே, தெருவில் நின்று படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை சேவூருக்குப் போகத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அது சுத்தத் தண்ணீர் இல்லை, வெள்ளை லாட்டின் கழிவுக்கு நிறம் கிடையாது. நாம் வெள்ளை ஓட்டியது ஒரே ஒரு முறை. வெளுப்பு வேலையை எப்போதும் வெளியில்தான் கொடுப்போம். 2019 ஆடியில் அவசர ஆர்டர் என்று அப்பா இங்கேயே ஓட்டினார். கழிவு இறங்கும் தரைத்தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டது. முனீஸை உனக்கு நினைவிருக்கும். விளாத்திகுளம் பக்கம், நம்மிடம் ஒன்பது வருடம் இருந்தவர், உன்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். நான்தான் அவரை இறங்கச் சொன்னேன். "எறங்குங்க முனீஸ், அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். மணி ஒன்றேகால். கீழே போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. உள்ளே விஷவாயு. கயிறு கட்டித் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா யாரையும் கூப்பிடவில்லை. தெரிந்த டாக்டரிடம் மாரடைப்பு என்று எழுதி வாங்கினார். பார்த்த சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயந்தரமே வேன் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டோம். அவர் கிடந்த தண்ணீரை டேங்கரில் உறிஞ்சி, நானே கூடப் போய்ச் சேவூர்ப் போரில் ஊற்றினேன். மறுநாள் அப்பா தலைக்குக் குளித்துவிட்டு, பரிகாரம் என்று சொல்லிப் பருவமில்லாத பருவத்தில் ஒரு மஞ்சள் லாட் ஓட்டினார். நீ கேட்ட மஞ்சள் அதுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலில் கிணற்றைப் பார்த்தேன். அடியில் கிடக்கும் கல் வரைக்கும் தெரிகிறது. ஒரு தவளை இல்லை, ஒரு புழு இல்லை. ஆடுகள் தொட்டிப் பக்கம் வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. மற்ற நிறமெல்லாம் ஒரு நாளில் நகர்ந்துவிட்டது, இது பத்து நாளாக நிற்கிறது.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க, ஒரு வாய் சாப்புடுங்க" என்று அத்தை இலை போட்டார். மாமாவும் யாழினியும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். அந்தத் தண்ணீரில் வெந்த சோறு, அந்தத் தண்ணீரில் வைத்த ரசம். நான் கையை நனைக்கவில்லை. மாமா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்.

ஒன்றேகாலுக்குப் பேச்சு நின்றது. மாமாவின் கை சோற்றோடு பாதியில் நின்றது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை குனிந்தபடியே நின்றுவிட்டார், ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடுகிறது. யாழினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை. நான் சத்தம் போட்டேன், குழந்தையைப் பிடித்து உலுக்கினேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், சித்ரா. தொட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்ததும் அதுதான்.

இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு மாமா சோற்றை வாயில் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மழையைப் பேசினார். அத்தை தரையைப் பார்த்து, "ஐயோ, கை தவறிப்போச்சுங்க" என்று துடைத்தார். யாழினி மட்டும் என்னைப் பார்த்து, "ஏனுங்க மாமா அழுவறீங்க?" என்று கேட்டாள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் இந்த நேரத்தில் இப்படித்தான் நடக்கிறது போல. பார்க்க வெளியாள் யாரும் இல்லை.

அங்கேயே, இலை முன்னால் உட்கார்ந்தே, எல்லாவற்றையும் சொன்னேன். போர், டேங்கர், முனீஸ், எல்லாம். மாமா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம். கை கழுவிவிட்டு வந்து, "ஏனுங்க, இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். போய் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அத்தை பானையில் இருந்த தண்ணீரை வாசலில் கொட்டவில்லை, வாய்க்காலில் கொட்டவில்லை. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "நீங்க போயிட்டு வாங்க" என்றார் மாமா. இத்தனை வருடமும் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர்.

இன்று காலை நோட்டரியிடம் போனேன். பிரமாணப் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் போர் விஷயம், இரண்டாம் பக்கத்தில் முனீஸ் விஷயம். கர்நாடகத்து உறுப்பினரிடம் கொடுத்துவிடு.

அருள்செல்வன்


புது தில்லி
6 டிசம்பர் 2025

அண்ணா,

கொடுக்கவில்லை. மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதமாக உங்களைக் கெஞ்சியவள் நான்தான். கையில் வந்ததும் என் கை வரவில்லை. மாமா வீட்டுக்குப் போன் செய்தேன். டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் பரிசோதனை நடக்கிறது, மூன்று நாளாக அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை என்றார்கள். யாழினி என்னோடு பேசினாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஐயாவிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். இப்படி ஒரு தாள் வெளியே போனால் போலீஸ் கேஸ் நிச்சயம், ஜெயிலும் உண்டு என்றார். அண்ணா, கர்நாடகத்துக்காரர் கேட்டது தண்ணீரைப் பற்றி. மனிதனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. முதல் பக்கம் மட்டும் போதும். புதிதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஏழு கையெழுத்தும் வந்துவிடும், மசோதாவும் பிழைத்துக்கொள்ளும், நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். அம்மாவுக்கு நீங்கள் ஒருவர்தான். நித்யஸ்ரீக்குப் பரீட்சை மார்ச்சில்.

நான் எழுதுவதை நானே படித்துப் பார்க்கிறேன். அப்பா பேசுவது போலவே இருக்கிறது. இருக்கட்டும். முனீஸ் அண்ணன் போனது போனதுதானே. ஆறு வருடமாக யாருக்கும் தெரியாத விஷயம்.

விவாதம் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்குள் அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சித்ரா


நல்லூர்
13 டிசம்பர் 2025

அம்மிணி,

போனில் சொல்லலாம் என்று உன் நம்பரைத் திறந்தேன், ஆமாம், பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இது வாயில் வராது போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பிரமாணப் பத்திரத்தை உனக்கு அனுப்பிய அன்றே அதன் நகலை முனீஸின் மனைவி மருதம்மாளுக்கும் அனுப்பியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தடுத்திருப்பாய். நேற்று அவர் வந்தார். விளாத்திகுளத்திலிருந்து மூன்று பஸ் மாறி, தனியாக. பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "முனீசு வீட்டுக்காரி" என்றார். மெஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தத் தொட்டி எங்கே என்று கேட்டார். சிமெண்ட் போட்டு மூடி, மேலே கட்டிங் டேபிள் போட்டிருக்கிறேன். காட்டினேன். அந்த டேபிள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். அழுவார், திட்டுவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எறங்குறதுக்கு முந்தி சாப்ட்டாகளா?"

அதை நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை, சித்ரா. உனக்கும் சொல்லவில்லை. முனீஸ் அன்றைக்கு டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துவிட்டார். "மொதலாளி, ஒருவாய் தின்னுட்டு எறங்கட்டா?" என்று கேட்டார். வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது நான். இல்லை, சாப்பிடவில்லை என்று மருதம்மாளிடம் சொன்னேன். நான்தான் வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "தெரியும். சாப்ட்டுட்டு வாசல்ல ஒக்காந்திருந்தாக, நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டாகன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீக. அவுக சாமானோட டப்பாவையும் வேன்ல போட்டு விட்டீக. நாந்தான் தொறந்தேன். காலையில கட்டுன சோறு அப்பிடியே இருந்துச்சு. ஒரு பருக்கை கொறையல" என்றார்.

அந்தத் தாள் பொய் என்று ஆறு வருடமாக அவருக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது, ஒரு டப்பாச் சோற்றை வைத்துக்கொண்டு? யாராவது ஒருவர் வாயால் சொல்வார்கள் என்று இருந்தாராம். யாருக்கும் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய், கண்ணு.

சாயந்தரம் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறும்போது, "எங்க ஊரு ஸ்டேசன்ல புகாரு குடுக்கவா, இங்கனயே குடுக்கவா?" என்று என்னிடமே கேட்டார். இங்கேயே, நான் கூட வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை வருகிறார். அம்மாவிடமும் நித்யஸ்ரீயிடமும் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். அம்மா என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நித்யஸ்ரீ எனக்குச் சட்டை அயர்ன் செய்து வைத்திருக்கிறாள்.

நீ கேட்ட ஒரு பக்கத் தாளை நான் எழுதப் போவதில்லை. டிராயரைத் திற. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கர்நாடகத்து உறுப்பினர் கையில் கொடுத்துவிடு.

அண்ணன்
அருள்செல்வன்